ஐந்தாம் நாளும் பசிக்கிறவன்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு நான் பார்த்த வேலைகளை வரிசையாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. செங்கல் சூளை, லாரி கிளீனர், ஓட்டலில் மாவாட்டுவது, அப்புறம் மூன்று வருடம் சைக்கிள் வித்தைக் கூட்டம். ஊர் ஊராகப் போய்த் திடலில் கயிறு கட்டி வட்டம் போடுவோம். ஒருவன் ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் அதற்குள் சுற்றுவான். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. முதல் வருடம் மார்பில் ட்யூப் லைட் உடைத்துக்கொள்பவனுக்கு லைட் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த இரண்டு வருடம் நானே சுற்றினேன்.

ராத்திரியில் யாரும் பார்க்காதபோது இறங்குவீர்களா என்று கேட்பார்கள். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் கடைசி முறை ஐந்தாம் நாள் பட்டப்பகலில் எல்லோரும் பார்க்க இறங்கிவிட்டேன். கால் வலித்து இறங்கவில்லை. ஒரு அம்மா தட்டில் நாலு இட்லி வைத்து என் கூடவே நடந்து வந்து நீட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. தின்ன முடியாது என்று தெரிந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. திருநின்றவூர் பக்கத்தில் ஒரு திடலில் கூட்டம் கலைந்தது. முதலாளி ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் போனேன். அரை நாள் நடையும் பஸ்ஸுமாகப் பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்தேன். எண்பதுகள் முடியப்போகிற சமயம்.

பூந்தமல்லியில் ஒரு பாய் சைக்கிள் கடை வைத்திருந்தார். வாடகை சைக்கிளும் ரிப்பேரும். எனக்குக் கோட்டம் எடுக்கத் தெரியும், அதாவது நெளிந்துபோன சக்கரத்தைக் கம்பி கம்பியாகத் திருகி நேராக்குவது. அதைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிக்கொள்ளச் சொன்னார். கடைக்குள் டயர்களுக்கு நடுவில் படுத்துக்கொள்வேன். ரப்பர் வாசனை ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

நான் ஏழு நாள் சுற்றியவன் என்பதை பாய் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு அம்பத்தூர் எஸ்டேட் வரை போயிருக்கிறது. ஒரு நாள் அங்கே ஒரு தனியார் தொழிற்சாலையின் ஃபோர்மேன் கடைக்கு வந்தார். அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு சைக்கிள் டீம் உண்டு. இவர்தான் அதைப் பார்த்துக்கொள்கிறவர். காலையில் சைக்கிள், மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் வேலை, மாதாமாதம் சம்பளம். சைக்கிள் ஓட்டுவதற்குச் சம்பளம் தருவார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பொங்கல் முடிந்ததும் ஐந்து நாள் பந்தயம் ஒன்று இருந்தது. தாம்பரத்தில் கிளம்பி, விழுப்புரம், பெரம்பலூர் வழியாகத் திருச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். தினமும் எவ்வளவு நேரத்தில் ஓட்டினான் என்று குறித்துக்கொண்டு ஐந்து நாளையும் கூட்டுவார்கள். கூட்டலில் யாருக்குக் குறைவோ அவன் முதல். ஃபோர்மேன் ஐந்து பேரை ஓட வைக்கப்போகிறார். அந்த ஐவரில் முன்னால் வரும் மூவருக்கு வேலை. மற்ற இருவர் வீட்டுக்குப் போகலாம். நாலு பேரை முடிவு செய்துவிட்டார். ஐந்தாவது ஆள்தான் குழப்பம்.

"ஒரு பையன் இருக்கான். ஆவடி குவார்ட்டர்ஸ். பத்தொன்பது வயசு. போன வாரம் நூறு கிலோமீட்டர் ரேஸ்ல ஆறாவதுதான் வந்தான். ஆனா முதல் அஞ்சு பேரும் மரத்தடியில நாக்கு தள்ளிக் கிடக்குறானுங்க, இவன் பாட்டுக்கு அதே சைக்கிள்ல வீட்டுக்குக் கிளம்பிட்டான். வழியில மார்க்கெட்ல இறங்கிக் காய் வாங்கிட்டுப் போறான்யா. ஒரு நாள் ரேஸுக்கு ஆள் பார்க்க எனக்குத் தெரியும். அஞ்சு நாளுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. நீ ஏழு நாள் சுத்தினவன். பார்த்துச் சொல்லு."

ஏழு நாள் முழுசாகச் சுற்றியது நாலு முறைதான் என்றேன். கடைசி முறை ஐந்தாம் நாளே இறங்கியதையும் சொன்னேன்.

"அப்ப உனக்கு இன்னும் நல்லாத் தெரியும்," என்றார்.

ஆறு நாள் கேட்டேன். தினமும் விடிகாலையில் அவன் பூந்தமல்லிக்கு வர வேண்டும். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் போய்த் திரும்ப வேண்டும். நான் ஃபோர்மேனுடைய மொபெட்டில் பின்னாலேயே போவேன்.

முதல் நாள் அவன் வந்து நின்றபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஒல்லி. நீளமான கை. சைக்கிள் பழையது. வளைந்த ஹேண்டில்பாரை மட்டும் யாரிடமோ வாங்கி மாட்டியிருந்தான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இவன் ஆவடியில் பிறந்து வளர்ந்ததால் பேச்சு மட்டும் முழுக்க நம்ம ஊர்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடையில் நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுத்தேன். அவன் தின்பதை எதிரே உட்கார்ந்து பார்த்தேன்.

"இன்னா அண்ணாத்தே, நான் ஓட்டுறத வுட்டுட்டு நான் துன்றதயே பாத்துகினு கீற?"

"ஓட்டுறத எல்லாரும் பாப்பாங்க. நீ துன்னு."

"இன்னும் ரெண்டு சொல்லட்டா?"

"நாலு சொல்லு."

எனக்குத் தெரிந்த அளவில் ஒரு மனிதன் உடைவது மூன்றாம் நாள் காலையில். முதல் நாள் யாருக்கும் பசிக்கும். இரண்டாம் நாள் வீம்புக்குத் தின்பான். மூன்றாம் நாள் காலையில் தட்டைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகும். அப்புறம் பேச்சு மாறும். சைக்கிளைக் குறை சொல்வான், ரோட்டைக் குறை சொல்வான், காற்றை, பக்கத்தில் நிற்கிறவனை. அதற்கு அடுத்தபடி கை. காலைவிடக் கைதான் முதலில் போகும். ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்துப் பிடித்துச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடும். சட்டைப் பொத்தான் போட வராது. வித்தைக் கூட்டத்தில் எனக்குச் சட்டை மாட்டிவிடவே ஒரு ஆள் இருந்தான்.

அதனால் தினமும் திரும்பி வந்ததும் அவனிடம் ஒரு வால்டியூப்பைக் கொடுப்பேன். சைக்கிள் டியூபில் காற்று வெளியே வராமல் இருக்க, உள்ளே ஒரு சின்னக் குழாயில் மாட்டும் மெல்லிய ரப்பர் அது. மண்புழு கனம்கூட இருக்காது. எச்சில் தொட்டு நுனி விரலால் உருட்டி ஏற்ற வேண்டும். நல்ல கைக்கே இரண்டு முறை நழுவும்.

மூன்றாம் நாள் எதிர்க்காற்று, கூடவே தூறல். சுங்குவார்சத்திரம் தாண்டி மொபெட்டே திணறியது. அவன் காற்றைக்கூடத் திட்டவில்லை. நாலாம் நாள் பஞ்சர். ரோட்டோரம் உட்கார்ந்து தானே ஒட்டிக்கொண்டு, ஒட்டும்போதே ஒரு சினிமாக் கதையை முழுதாகச் சொல்லி முடித்தான். ஐந்தாம் நாள் காலை பதினொரு இட்லி தின்றான். கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஊட்ல சோறு போடறதில்லையா நைனா?" என்று கேட்டார். அன்றைக்குத் திரும்பியதும் வால்டியூப்பை ஒரே தடவையில் ஏற்றிக் கையில் கொடுத்தான். ஆறாம் நாள் காஞ்சிபுரம் போய் வர அவனுக்கு ஆன நேரம் ஏறக்குறைய முதல் நாள் ஆன நேரமேதான்.

நான் பார்த்த சுற்றுக்காரர்களில் இப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை.

பாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். "பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்ளோ நாள் பாக்க மாட்டான்டா. ஆறு நாளா அவன் வாயையும் வெரலையும் பாத்துகினு கீற. கூட இன்னொருத்தன ஓட வுட்டுப் பாத்தியா?"

"எதுக்கு பாய்? அஞ்சு நாள் தாங்கணும். தாங்குவான்."

"குதிர வாங்கறவன் தனியா ஓட வுட்டா பாப்பான்? பக்கத்துல இன்னொரு குதிர ஓடணும்டா."

"குதிரைக்கு வால்டியூப் மாட்டத் தெரியுமா பாய்?" என்று நானும் பதிலுக்குச் சிரித்தேன். எங்கள் வித்தையில் எதிராளி கிடையாது. வட்டத்துக்குள் ஒருத்தன்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஃபோர்மேனிடம், எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். விஷயம் அங்கே முடிந்திருந்தால் பெரிய பாரமில்லை. இரண்டு நாள் கழித்து அவன் வந்து, அப்பா என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று கூப்பிட்டான்.

ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒரே மாதிரி. வாசலில் வேப்பமரத்தை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன். அப்பா பனியனோடு உட்கார்ந்திருந்தார். அம்மா காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார். மகன் வெளியே போய்விட்டான்.

"தம்பி, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன்," என்றார் அப்பா. "எங்க ஃபாக்டரியில அப்ரன்டிஸுக்குப் பரீட்சை எழுதினான். பேரு வந்தாச்சு. அடுத்த மாசம் சேரணும். சேந்துட்டான்னா பொறவு என்னய மாதிரி கேட்டுக்குள்ள போயிருவான், சாகுத வரைக்கும் சோத்துக்குப் பஞ்சமில்ல. ஆனா சேந்தா ஒரு நாளு லீவு கெடையாது. உங்க அஞ்சு நாள் ரேஸுக்குப் போக முடியாது. அங்க போனா இத விடணும். விட்டா அடுத்த பேருக்குப் போயிரும். ஃபோர்மேன்கிட்ட கேட்டா உங்ககிட்ட கேக்கச் சொல்லுதாரு. நீங்க சொல்லுங்க. இத விடலாமா?"

நான் ஆறு நாளில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பசி, பேச்சு, கை, நேரம்.

கதவோரம் நின்ற அம்மா கேட்டார்: "எம் பிள்ள நெறைய திங்கான்னு சொல்லி வேலைய விடச் சொல்லுதீகளா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். சிரித்து முடித்ததும் அவர் மறுபடி என்னையே பார்த்தார். ஒரு வீட்டில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, என் பேச்சைக் கேட்டு ஒரு முடிவு எடுக்கக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அந்த மாதிரி இடத்தில் தெரியாது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது இல்லை.

"விடலாம் சார்," என்றேன்.

அவன் அப்ரன்டிஸில் சேரவில்லை. அந்த இடம் பட்டியலில் அடுத்திருந்தவனுக்குப் போனது. மூன்று மாதம் டீமோடு பயிற்சி. பயிற்சியில் எல்லோரும் வரிசையாக ஒரே வேகத்தில் போவார்கள், அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஃபோர்மேன் கம்பெனி கியர் சைக்கிள் ஒன்றைக் கொடுத்தார். மாதக் கடைசியில் வந்து சாயங்காலம் கடை வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். வேலை கிடைத்ததும் அம்மாவுக்கு மிக்ஸி வாங்க வேண்டும் என்றான். எங்கள் இருவருக்குமே அது கிடைத்துவிட்ட வேலையாகத்தான் இருந்தது.

பந்தயத்துக்கு நானும் போனேன். டீம் லாரியில் மாற்றுச் சக்கரங்களோடு உட்கார்ந்து, பஞ்சரானால் குதித்து இறங்கி மாற்றிக் கொடுக்கும் வேலை.

முதல் நாள் தாம்பரத்தில் கொடி அசைத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. செங்கல்பட்டுக்கு முன்னால் யாரோ ஒருவன் எழுந்து நின்று மிதித்துப் பிய்த்துக்கொண்டு போனான். அவன் பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு பேர் தாவினார்கள். எங்கள் டீமிலும் மூன்று பேர் அதில் போய்விட்டார்கள். இவன் போகவில்லை.

லாரியிலிருந்து கத்தினேன். "புடிடா! பின்னாடியே போ! புடி!"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு முன்னால் பார்த்தான். அதே வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தான். பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் போன அதே வேகம். முன்னால் போனவர்கள் சின்னதாகி வளைவில் மறைந்தார்கள்.

விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அன்றைக்கே அவன் பதினேழு நிமிடம் பின்தங்கியிருந்தான்.

"ஏன்டா புடிக்கல?"

"போவட்டும் அண்ணாத்தே. எங்க போவப் போறாங்க? நாளைக்கும் ரோடு கீதுல்ல?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நாளை மறுநாள் எல்லோருக்கும் தட்டைப் பார்த்தால் முகம் மாறும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபோர்மேனுக்கும் சொன்னேன்.

இரண்டாம் நாளும் அதே கதை. இன்னும் ஒன்பது நிமிடம் போனது.

மூன்றாம் நாள் நான் சொன்னது நடந்தது. பெரம்பலூரில் காலைப் பொங்கலை முன்னால் நின்ற பையன்கள் கிளறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் தன் சைக்கிள் சீட்டைத் திட்டினான், இன்னொருவன் எங்கள் லாரி டிரைவரைத் திட்டினான். இவன் இரண்டாம் முறை பொங்கல் வாங்கினான். அன்றைக்கு ஒரு நிமிடம்கூடப் பின்தங்கவில்லை. நாலாம் நாள் ஆறு நிமிடத்தைத் திருப்பி எடுத்தான். ஐந்தாம் நாள் காலை, முதல் இடத்தில் இருந்தவனுக்கு அவன் மேனேஜர் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஆள் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே போய்ச் சைக்கிளில் ஏறினான். அன்றைக்கு எட்டு நிமிடம் திருப்பி எடுத்தான்.

தாம்பரத்தில் கோடு தாண்டியதும் பாதிப் பேர் புளியமரத்தடியில் வாந்தி எடுத்தார்கள். இவன் என்னிடம் வந்து தயிர்சாதம் எங்கே என்று கேட்டான்.

ஃபோர்மேன் நோட்டில் கூட்டிப் பார்த்தார். மொத்தத்தில் பதினாலாவது. எங்கள் டீமில் நாலாவது. மூன்றாவது வந்தவனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் நாலு நிமிடம். ஃபோர்மேன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஆறாம் நாள்னு ஒண்ணு இருந்திருந்தா இவன் மூணாவதுய்யா. பத்து நாள் இருந்திருந்தா மொத்த ரேஸையும் இவன்தான் அடிச்சிருப்பான்."

ஆறாம் நாள் இல்லை. நாலாவதாக ஒருவனை எடுக்க அவர் மேலிடத்தில் கேட்டுப் பார்த்தார். மூன்று என்றால் மூன்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். கியர் சைக்கிளையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.

அவனோடு நானும் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவனைத் தனியாக அனுப்புவது சரியில்லை என்று பட்டது. அப்பாவிடம், தப்பு என்னுடையது என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னது எதுவும் பொய்யில்லயே தம்பி. கடைசி நாள் வரைக்கும் நல்லாத் திங்கத்தான செஞ்சான்?" என்றார். அதைக் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மா அன்றைக்குக் காப்பி கொடுக்கவில்லை.

பரீட்சை எழுத அவனுக்கு இன்னும் ஒரு வருடம் வயது இருந்தது. அடுத்த பரீட்சைக்கு உட்காரும்படி அப்பா சொன்னார். ஆனால் ஃபோர்மேன் விடவில்லை. அடுத்த பொங்கலுக்கும் பந்தயம் உண்டு, அதற்கும் வா என்று கூப்பிட்டார். எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து கடையில் பிரித்துக் காட்டினார். மூன்று வாரம் ஓடும் பந்தயமாம். மலைமேல் பனிக்கு நடுவில் சைக்கிளில் போகிறார்கள். "இங்க பாரு, இருபத்தோரு நாள். இவனை மாதிரி ஆளுக்குன்னே வச்ச ரேஸ்," என்றார். பாயும் எட்டிப் பார்த்தார். "அங்க இட்லி கெடைக்குமா கேளு," என்றார்.

அவன் படத்தை வெகுநேரம் பார்த்தான். ஃபோர்மேன் போன பிறகு என்னிடம் கேட்டான்.

"அண்ணாத்தே, நீ சொல்லு. பரீட்ச எழுதட்டா, ஓட்டட்டா?"

மறுபடியும் என்னிடமே கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை வா என்றேன்.

அந்த ஞாயிறு, பாய் நாலு மாதம் முன்பே சொன்னதைச் செய்தேன். டீமில் வேலை கிடைத்த மூவரில் இருவரை, இவனுக்கும் ஒரு கியர் சைக்கிளோடு வரச் சொன்னேன். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலை. பருத்திப்பட்டு ஏரி தாண்டியதும், நான் மொபெட்டில் ஹாரன் அடித்தால் அந்த இருவரும் முழுப் பலத்தோடு முன்னால் பாய வேண்டும், இவன் விடாமல் பிடிக்க வேண்டும். இவனிடமும் மறைக்காமல் சொன்னேன்.

ஹாரன் அடித்தேன். இருவரும் எழுந்து நின்று மிதித்தார்கள். இவனும் எழுந்தான். இந்தத் தடவை நிஜமாகவே முயன்றான். கழுத்து நரம்பு தெரிந்தது, பல்லைக் கடித்தது தெரிந்தது. இருந்தும் நடுவில் இருந்த இடைவெளி ஒரு சைக்கிள் நீளம் ஆனது, ஒரு பஸ் நீளம் ஆனது. இன்னும் இரண்டு தடவை அடித்தேன். இரண்டு தடவையும் அப்படியே. மூன்றாவதில் அவனே கையைக் காட்டி நிறுத்தினான்.

ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம்.

"விழுப்புரம் போறப்போ சும்மா வுட்டியா, இல்ல இப்டித்தானா?" என்று கேட்டேன்.

"இப்டித்தான் அண்ணாத்தே. பாய்ச்சல் வராது எனக்கு. சின்ன வயசுலேர்ந்தே வராது. ஸ்கூல்ல ஓட்டப் பந்தயத்துல எப்பவும் கடேசி."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கல. துன்றியா, தூங்குறியா, கை மரத்துப்போச்சா, இதத்தான் கேட்ட."

அவன் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். ஏரியில் எருமைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"எத்தினி நாள் ரேஸா இருந்தா நான் ஜெயிப்பேன்?"

"பத்து. இருவதுன்னா இன்னும் நல்லது. ஆனா அங்கயும் மொத நாள் எவனாவது பாய்வான். அவன் போவட்டும்னு வுட்டாலும் உனக்கு முன்னாடி காத்த ஒடச்சிகினு இழுக்க நாலு பேர் வேணும்போல கீது. இங்க அஞ்சு நாளுக்கு மேல ரேஸே இல்ல. பரீட்ச எழுது."

"சரியா பாத்துச் சொல்றியா? போன தபாவும் நீதான் சொன்ன."

"போன தபா நான் ஒண்ணத்தான் பாத்தேன். இன்னிக்கு இன்னொண்ணும் பாத்துட்டேன். எழுதுடா."

அவன் எழுந்து பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். "பசிக்குது, வா," என்றான்.

அந்த வருடம் முழுவதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் தகடு தூக்கினான். பரீட்சை எழுதினான். பேர் வந்தது. ஒரு வருடம் தள்ளிச் சேர்ந்ததில், அவன் விட்ட இடத்தில் சேர்ந்த பையன் அவனுக்கு மேல் வரிசையில் இருந்தான். தொழிற்சாலைகளில் அந்த ஒரு வருடம் கடைசிவரை கூடவே வரும் என்கிறார்கள். பதவி உயர்வு, குவார்ட்டர்ஸ், எல்லாவற்றிலும். அது என் ஒரு வார்த்தையால் தொலைந்த வருடம். அவன் அதைப் பற்றி என்னிடம் ஒருபோதும் பேசியதில்லை. நான் மட்டும் அவ்வப்போது கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

சேர்வதற்கு முந்தின நாள் தன் பழைய சைக்கிளோடு கடைக்கு வந்தான்.

"இந்த வளைஞ்ச ஹேண்டில எட்த்துட்டு நேர் ஹேண்டில் போடு அண்ணாத்தே. பின்னாடி ஒரு கேரியர். ஸ்ட்ராங்கா போடு. அப்பாவ ஒக்கார வச்சிகினு போவணும், அவருக்கு முட்டி வலி."

சாயங்காலம்வரை உட்கார்ந்து செய்தேன். பின்சக்கரத்துக்குப் புதுக் கம்பி போட்டுக் கோட்டம் எடுத்தேன், இரண்டு ஆள் கனம் தாங்க வேண்டுமே. கழற்றிய ஹேண்டில்பாரை என்ன செய்வது என்று கேட்டேன். யாராவது கேட்டால் கொடுத்துவிடு என்றான். ஒரு மாதத்தில் யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

அதற்குள் எனக்குப் பூந்தமல்லி சலித்துவிட்டது. ஓரிடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் என்னால் முடிவதில்லை. ஓசூர் பக்கம் வேலை இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். பாயிடம் சொல்லிக்கொண்டு, ரயில் பிடிக்க ஒரு காலைநேரம் ஆவடிக்கு வந்தேன். பஸ் என்னைத் தொழிற்சாலை வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டது. ஷிப்டு நேரம். ரோடு முழுக்கச் சைக்கிள். சைரன் அடிப்பதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று எல்லோரும் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுத் தூக்குகள் ஹேண்டில்பாரில் இடித்துக்கொள்ளும் சத்தம்.

அந்தக் கூட்டத்தில் அவன் வந்தான். நான் போட்ட கேரியரில் அப்பா ஒருபக்கமாக உட்கார்ந்து ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்திருந்தார். இடமும் வலமுமாக ஆட்கள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, முந்துல! சைரன் அடிக்கப் போறான்! அந்தாளு நம்மளத் தாண்டிப் போறாரு பாரு, முந்துல!"

"போறேன்ப்பா, போறேன்."

என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். அவன் மிதிப்பது கொஞ்சமும் மாறவில்லை. சைரன் அடித்தபோது அப்பாவும் மகனும் வாசலுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தார்கள்.